குடிபுகுவாரைப் பற்றிய விசாரணைப் பத்திரம்

வீடுடையார் ஒருவர் தம் வீட்டை வாடகைக்கு விடுமுன், வருபவர் யாவர், எவ்வூரினர், வாடகை தவறாது செலுத்துவரோ என வினவுதல் இயல்பே. திருவண்ணாமலையில் இவ்வினவு சற்று மிகுதியும் உண்டு. 14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதையை ஒட்டியும், செங்கம் சாலையில் ரமணாசிரமத்தின் அயலிலும் பிறநாட்டார் பலர் மாதக்கணக்கில் தங்குகின்றனர். அன்னாரைத் தங்கவைப்போர் 24 மணி நேரத்துள் அரசினர்க்கு அறிவித்தல் கட்டாயமாகும். நம் நாட்டார்க்கோ, தமிழ்நாட்டுக் காவல்துறை கட்டணம் பெற்று, இணையவழியே வாடகைதாரர் சரிபார்ப்புச் சான்று வழங்குகின்றது. அப்பத்திரம் கைக்கு வந்தபின் அதனைப் படிக்குமாறு எங்ஙனம் என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்தது.

முதற்கண் நோக்கத்தக்கது பெயர். இவ்வூரில் அண்ணாமலை, அருணாசலம் என்னும் பெயருடையார் தெருவுக்குத் தெரு உளர். நம்மவர்க்குக் குடும்பப்பெயர் இன்மையானும், தந்தை பெயரின் முதலெழுத்தே முன்னிற்றலானும், 'ஆ. அண்ணாமலை' எனின் அஃது எவரையும் குறிக்கலாம். ஆங்கில எழுத்தில் வரையுங்கால் அதுவும் நான்கு விதமாகும். ஆதலின் பெயரொப்புமை ஒன்றையே பற்றி ஒருவர்மீது வழக்குண்டு என்று துணிதல் பெரும் பிழை. பிறந்த தேதி, தந்தை பெயர், முகவரி ஆகியனவும் ஒத்தல் வேண்டும். அமெரிக்காவில் இவ்விசாரணையைத் தொழிலாகவே நடத்தும் நிறுவனங்கள் உள. அவற்றுள் ரியல்பேஜ் என்பது பெயர்களைத் தளர்வாகப் பொருத்திப் பிறர் குற்றங்களை விண்ணப்பதாரர்மேல் ஏற்றியது என்ற குற்றச்சாட்டின்பேரில், 2018-ஆம் ஆண்டில் 30 லட்சம் டாலர் செலுத்த இசைந்தது. பெரிய இயந்திரங்களைக் கொண்டு தேடுவோர்க்கே இந்நிலை எனின், திண்ணையிலிருந்து விசாரிப்போர்க்குச் சொல்லவும் வேண்டுமோ!

அடுத்து, வழக்கின் நிலை. முதல் தகவல் அறிக்கை என்பது புகாரின் பதிவேயன்றித் தீர்ப்பன்று. விடுதலை பெற்றவர் பெயரும் பழைய பதிவில் நிற்றல் கூடும். தெருச்சண்டை பற்றிய பழைய வழக்கிற்கும் வாடகை கொடுக்கும் ஒழுங்கிற்கும் யாது தொடர்பு?

இனிச் சட்டம். 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி அதன் இடத்தில் வந்த 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் அமைதலும் வாடகை அதிகாரியிடம் பதிவு பெறுதலும் அதன் விதிகள். வேறு உடன்பாடு இல்லாதவிடத்து முன்பணம் மூன்று மாத வாடகையை விஞ்சலாகாது. அச்சட்டத்தின் ஒப்பந்தப் படிவம் கேட்பன பெயர், முகவரி, அடையாள எண் முதலியன. சாதி கேட்கும் இடம் அதில் யாண்டும் இல்லை. ஆயினும் 'நீங்கள் சைவமா?' என்னும் சொல்லால் அதனையே மறைமுகமாக அறிய முயல்வார் சிலர். காவல்துறைச் சான்று குற்றமற்றதாயிருந்தும் இவ்வொரு கேள்வியால் வீடு கிடையாது போவோர் பலராவர் என்பது மறைக்கற்பாலதன்று.

மறுக்கப்பட்டவர் காரணம் அறிதல் வேண்டும். அமெரிக்காவில் 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அறிக்கையைப் பார்த்து மறுத்த வீட்டுக்காரர், அதனைத் தந்த நிறுவனம் எதுவென்று விண்ணப்பதாரர்க்குத் தெரிவித்தல் வேண்டும். அவர் 60 நாளுக்குள் கேட்பின், அந்நிறுவனம் இலவசப் பிரதி அளித்தல் வேண்டும். நம் நாட்டில் கடன் வரலாற்று அறிக்கையை ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறை கட்டணமின்றிப் பெறலாம். பிழையிருப்பின் திருத்தவும் கோரலாம். பட்டம் பெற்று வெளியூரில் அறை தேடும் நம் மாணவர், அதனை முன்னரே தாமே வாங்கிப் படித்துக்கொள்க.