கழுத்து வலி கைக்கு இறங்கினால்



கழுத்தில் ஆரம்பிச்சு தோள்பட்டை வழியா விரல் நுனி வரைக்கும் சுள்ளுன்னு இழுக்குது, விரல் மரத்துப் போகுது என்று நம்மில் பலர் சொல்கிறோம். வாயு என்று நினைத்துத் தைலம் தேய்க்கிறோம். ஆனால் பல நேரம் கோளாறு கையில் இல்லை, கழுத்தில்தான். கழுத்து எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல ஜவ்வு இருக்கிறது. அது பிதுங்கினாலோ, எலும்பு தேய்ந்து முள் போல வளர்ந்தாலோ, கைக்குப் போகிற நரம்பின் வேர் நசுங்கும்.

ஸ்கேனில் "ஜவ்வு பிதுங்கியுள்ளது" என்று வந்தாலே பயந்து, ஆபரேஷனுக்குக் குழுவில் கடன் கேட்கிறோம். கொஞ்சம் பொறுங்க. ஜப்பானில் கழுத்து வலியே இல்லாத 1,211 பேருக்கு ஸ்கேன் எடுத்தார்கள். 2015-ல் வந்த முடிவு என்ன தெரியுமா? நூற்றுக்கு 87 பேருக்கு மேல் ஜவ்வு பிதுங்கித்தான் இருந்தது! ஆகவே ஸ்கேனை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. டாக்டர் கையின் பலத்தையும் உணர்ச்சியையும் தொட்டுப் பார்க்க வேண்டும்.

ஸ்வீடனில் நாள்பட்ட வலி உள்ள 81 பேரை மூன்றாகப் பிரித்து, ஆபரேஷன், பிசியோதெரபி, கழுத்துப் பட்டை என்று கொடுத்துப் பார்த்தார்கள். ஆபரேஷன் செய்தவர்களுக்கு முதலில் வலி சீக்கிரம் குறைந்தது உண்மை. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் மூன்று பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இது 1997-ல் வெளிவந்தது.

நெதர்லாந்தில் புதிதாக வலி வந்த 205 பேரிடம் செய்த ஆய்வு 2009-ல் வந்தது. பட்டை போட்டு ஓய்வெடுத்தவர்களுக்கும், பிசியோதெரபி செய்தவர்களுக்கும் முதல் ஆறு வாரத்தில் வலி நன்றாகக் குறைந்தது. பட்டை மூன்று வாரம்தான், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றிவிட்டார்கள். வருஷக்கணக்கில் மாட்டிக்கொண்டு திரிவது வேண்டாம்.

வலி இருக்கும்போது தலையில் குடமோ விறகோ சுமக்காதீங்க. நெட்டி முறிக்கிறேன் என்று யாரையும் கழுத்தைத் திருப்ப விடாதீங்க. மாவட்ட அரசு மருத்துவமனையில் பிசியோதெரபி உண்டு, கேளுங்க.

ஆனால் சில அறிகுறிகளுக்குக் காத்திருக்கவே கூடாது. கை பலம் குறைந்துகொண்டே போவது, ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியாமல் விரல் தடுமாறுவது, நடக்கும்போது கால் தள்ளாடுவது, சிறுநீர் அடக்க முடியாமல் போவது. இதெல்லாம் தண்டுவடமே நசுங்குவதைக் காட்டலாம். அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். இப்படிப்பட்ட உறுப்பினர் கடன் கேட்டு வந்தால், அடுத்த கூட்டத் தேதி வரை அவரைக் காக்க வைக்காதீங்க.