உயராத சம்பளமும் வாரத்துக்கு முப்பத்தெட்டரை மணியும்

கேள்வி: பொண்டியில் வசிக்கும் 27 வயதுப் பொறியாளர் ஒருவர், 2022 செப்டம்பரில் ஒரு கணினிச் சேவை நிறுவனத்தில் ஆண்டுக்கு 42,000 யூரோ மொத்தச் சம்பளத்தில் சேர்ந்தார். வேலை லா தெஃபான்ஸில், வாடிக்கையாளர் அலுவலகத்தில். அன்று முதல் சம்பளம் ஏறவில்லை. கேட்கும்போதெல்லாம் ‘அடுத்த வருஷம் பார்க்கலாம்’ என்பதே பதில். உயர்வு கேட்கச் சட்டத்தில் உரிமை உண்டா, கேட்டால் வேலை போகுமா என்று அறிய விரும்புகிறார்.

பதில்: பிரெஞ்சுத் தொழிலாளர் சட்டத்தில் சம்பள உயர்வு பெறும் பொது உரிமை இல்லை. ஸ்மிக் எனும் குறைந்தபட்ச ஊதியம், துறை ஒப்பந்தம் ஒவ்வொரு நிலைக்கும் குறித்துள்ள அடிமட்டச் சம்பளம், சம வேலைக்குச் சம ஊதியம் என்ற விதி ஆகியவற்றை மீறாதவரை, எவ்வளவு தருவது என்பது இரு தரப்பும் பேசி முடிவு செய்வது. வாயால் சொன்ன ‘பார்க்கலாம்’ யாரையும் கட்டுப்படுத்தாது. கேட்டால் வேலை போகுமா என்பதற்கும் விடை சுருக்கமானது. சோதனைக் காலம் முடிந்த ஊழியரை உண்மையான, வலுவான காரணம் இல்லாமல் நீக்க முடியாது. மரியாதையாக எழுதிய சம்பளக் கோரிக்கை அப்படிப்பட்ட காரணம் ஆகாது.

இந்த வழக்கைத் தீர்மானிக்கும் வரி வாசகரின் கேள்வியில் இல்லை. கோன்த்ரா எனும் வேலை ஒப்பந்தத்திலிருந்து அவர் அனுப்பிய ஒற்றைப் பக்கத்தில் இருக்கிறது: வேலை நேரம் வாரத்துக்கு 38 மணி 30 நிமிடம், ‘மொதாலிதே 2’. சட்டப்படியான வார நேரம் 35 மணி. அதற்கு மேல் பத்து விழுக்காடு வரையிலான நேரத்தைச் சம்பளத்துக்குள்ளேயே அடக்கிவிட, கணினிச் சேவை நிறுவனங்களுக்குப் பொருந்தும் சேன்தெக் துறை ஒப்பந்தம் இந்த ‘மொதாலிதே 2’ முறையில் அனுமதிக்கிறது. ஆனால் நிபந்தனை உண்டு. ஊழியரின் ஆண்டுச் சம்பளம், சமூகப் பாதுகாப்புக் கணக்குக்காக அரசு ஆண்டுதோறும் அறிவிக்கும் உச்சவரம்பை, அதாவது ‘ப்ளாஃபோனை’, எட்ட வேண்டும். அல்ட்ரான் நிறுவனத்தின் பொறியாளர்கள் தொடுத்த வழக்கில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமான கூர் து கசாசியோன் 2015 நவம்பர் 4 அன்று இதை உறுதி செய்தது. வரம்பை எட்டாத பொறியாளரை இந்த நேர முறை கட்டுப்படுத்தாது. 35 மணிக்கு மேல் உழைத்தது கூடுதல் நேரமாகவே கணக்கிடப்படும்.

ப்ளாஃபோன் நிலையாக நிற்பதில்லை. 2022இல் அது 41,136 யூரோ. வாசகரின் 42,000 அதைத் தாண்டியே இருந்தது. 2023இல் 43,992, 2024இல் 46,368, 2025இல் 47,100 என்று அது ஏற, சம்பளம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. சேர்ந்தபோது செல்லுபடியான விதி, உயர்வு மறுக்கப்பட்டதனாலேயே 2023 ஜனவரியிலிருந்து பிடிமானம் இழந்திருக்கிறது. 42,000 யூரோ 35 மணி உழைப்புக்கான சம்பளம் என்று நீதிமன்றம் ஏற்றால், ஒரு மணிக்கு 23.08 யூரோ. 25 விழுக்காடு கூட்டி மூன்றரை மணிக்குக் கணக்கிட்டால், உழைத்த ஒவ்வொரு வாரத்துக்கும் ஏறத்தாழ 101 யூரோ. இது முழுத் தொகை ஆகாது. நீண்ட வாரத்துக்கு ஈடாக எடுத்த எர்தேதே ஓய்வு நாட்களைக் கழிக்கும்படி நிறுவனம் கேட்கும். அந்த வாதத்துக்கு வலு உண்டு.

தாமதத்தைப் பற்றிக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. சம்பளப் பாக்கி கேட்கும் காலக்கெடு மூன்று ஆண்டு. 2013 ஜூன் சட்டம் அதை ஐந்திலிருந்து குறைத்தது. வேலையில் தொடரும் ஊழியருக்கு ஒவ்வொரு மாதம் கழியும்போதும் பழைய மாதம் ஒன்று கைவிட்டுப் போகிறது. மனிதவளப் பிரிவுக்கு ஆறு மின்னஞ்சல் போட்டதாக வாசகர் எழுதியிருக்கிறார். ஊழியர் அனுப்பும் மின்னஞ்சலோ, பதிவுத் தபாலோகூட, இந்தக் கெடுவை நிறுத்தாது. ப்ருதோம் எனும் தொழிலாளர் நீதிமன்றத்தில் மனு பதிவானால்தான் நிற்கும். ‘பார்க்கலாம்’ என்ற சொல்லை நம்பிக் காத்திருந்த காலத்தின் விலையை நிறுவனம் கொடுக்கவில்லை, இவர்தான் கொடுத்திருக்கிறார்.

அடுத்த குறை காகிதம். கோன்த்ரா முழுவதும் கையில் இல்லை. சம்பளச் சீட்டுகளில் இரண்டுதான் இருக்கின்றன. மாதாமாதம் நிரப்பிய நேரக் கணக்கு, பழைய வாடிக்கையாளரின் கணினியோடு போய்விட்டது. சம்பளச் சீட்டைக் கால வரம்பின்றி வைத்திருக்க வேண்டும் என்று அதன் அடியிலேயே அச்சிட்டிருக்கும். நிறுவனம் அவற்றின் நகலை ஐந்து ஆண்டு பாதுகாக்கக் கடமைப்பட்டது; இன்றே எழுத்தில் கேட்கலாம். கூடுதல் நேர வழக்கில் முழு நிரூபணமும் ஊழியர் தலையில் விழுவதில்லை. நிறுவனம் மறுமொழி சொல்லும் அளவுக்குத் துல்லியமான விவரத்தை, வாரவாரியான அட்டவணையாக, அவர் முன்வைத்தால் போதும். அதற்காக அலுவலகக் கோப்புகளை மொத்தமாகப் படியெடுத்து வரக்கூடாது. தற்காப்புக்குக் கண்டிப்பாகத் தேவையானதைத் தாண்டினால் அதுவே பணிநீக்கக் காரணமாகலாம்.

உயர்வுக் கோரிக்கையையும் பாக்கிக் கோரிக்கையையும் ஒரே கடிதத்தில் கலப்பது நல்லதல்ல. முதலாவது பேச்சுவார்த்தை, இரண்டாவது உரிமை. உயர்வு தருவதாகச் சொல்லி நிறுவனம் நீட்டும் திருத்த ஒப்பந்தத்தில் பழைய பாக்கியைக் கைவிடும் வாசகம் இருக்கக்கூடும். வழக்கறிஞர் படிக்காமல் கையெழுத்திட வேண்டாம். நீதிமன்றம் சென்றதற்குப் பழிவாங்கும் பணிநீக்கம் செல்லாது. ஆனால் நீக்கத்துக்கும் வழக்குக்கும் உள்ள தொடர்பு நீதிமன்றத்தில் நிலைநாட்டப்பட வேண்டும்.

பாரிஸின் லா ஷப்பேலில் விண்ணப்பம் நிரப்பித் தருவோரிடம் இதை ஒப்படைக்க முடியாது. ப்ருதோமில் ஊழியருக்காக நிற்கக்கூடியவர்கள் வழக்கறிஞர், தொழிற்சங்கப் பிரதிநிதி, வாழ்க்கைத் துணை, சக ஊழியர் போன்ற சிலரே. மனு, வீடிருக்கும் பகுதிக்கான பொபினி ப்ருதோமிலா, லா தெஃபான்ஸுக்கான நாந்தேர் ப்ருதோமிலா என்பது, வேலை எந்த அலுவலகத்தைச் சேர்ந்தது என்பதைப் பொறுத்தது. இங்குள்ள கணக்கு ஒரு பக்கத்தையும் இரண்டு சீட்டுகளையும் கொண்டு போட்டது. அதை நம்பி வழக்குத் தொடுக்கக்கூடாது. தொழிலாளர் சட்ட வழக்கறிஞர் ஒருவரை இந்த மாதமே நேரில் பார்க்க வேண்டும். கட்டணம் சுமையென்றால் 3039 எண்ணில் அழைத்து அருகிலுள்ள இலவசச் சட்ட ஆலோசனை மையத்தை அறியலாம். போகும்போது முழுக் கோன்த்ரா, கிடைத்த எல்லாச் சம்பளச் சீட்டுகள், அந்த ஆறு மின்னஞ்சல்களின் அச்சுப்பிரதி, 2023 ஜனவரி முதல் எடுத்த எர்தேதே நாட்களின் பட்டியல் ஆகியவை கையில் இருக்க வேண்டும்.