குழந்தைகள் முன்னே செல்லும் நாள்

ஐரோப்பாவின் வடகோடியில் உள்ள நார்வே நாட்டினர் மே 17ஆம் நாளைத் தேசிய நாளாகக் கொண்டாடுகின்றனர். 1814ஆம் ஆண்டு அந்நாளில், எய்ட்ஸ்வோல் என்னும் ஊரில் கூடிய மக்கள் பிரதிநிதிகள் தம் நாட்டுக்கென அரசமைப்புச் சட்டம் ஒன்றில் கையெழுத்திட்டனர். அவ்வாண்டு முடிவதற்குள் நார்வே சுவீடன் மன்னரின் கீழ் வந்துவிட்டது. ஆயினும் சட்டம் நிலைத்தது. சுவீடனிடமிருந்து பிரிந்தது 1905இல்தான். ஆகவே மே 17 விடுதலை நாளன்று. சட்டம் பிறந்த நாள். இந்தியாவின் ஆகஸ்டு 15ஐ விடச் சனவரி 26ஐயே அது ஒத்தது.

ஆனால், தில்லியில் காண்பது போன்ற பெரும் படை அணிவகுப்பு அங்கில்லை. தலைநகர் ஓஸ்லோவில் பள்ளிப் பிள்ளைகளே ஊர்வலத்தின் நாயகர்கள். ஒவ்வொரு பள்ளியும் தன் கொடியை முன்னே ஏந்தி, இசைக்குழு முழங்க, அரண்மனையை நோக்கி நடக்கும். மன்னர் குடும்பத்தார் மாடத்தில் நின்று நெடுநேரம் கையசைப்பர். அன்று நடப்பவர் பிள்ளைகள். நின்று பார்ப்பவர் மன்னர்! பனிக்கூழ் உண்பதற்கும் அன்று வீட்டில் தடையிராது.

பெரியவர் பலர் ‘புனாட்’ என்னும் மரபுடை அணிவர். நிறம், பூவேலை, வெள்ளி அணிகள் ஆகியன வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபடும். பிழைப்புக்காகத் தலைநகரில் குடியேறியவரும் முன்னோர் ஊரின் உடையையே விரும்பி அணிவதுண்டு. உடையைக் கண்டே ஊரை அறியலாம்.

இவ்வூர்வலத்தில் எல்லாருக்கும் எளிதில் இடம் கிடைத்துவிடவில்லை. 1870இல் தலைநகரில் பிள்ளைகள் ஊர்வலம் தொடங்கியபோது சிறுவர் மட்டுமே நடந்தனர். சிறுமியர் 1889 வரை காத்திருந்தனர். இரண்டாம் உலகப்போரில் செருமானியர் நாட்டைக் கைப்பற்றியிருந்த காலத்தில் இவ்விழாவே தடைசெய்யப்பட்டது. 1945 மே 8இல் நாடு மீண்டது. ஒன்பதே நாளில் மே 17 வந்தது. தெருவெங்கும் மக்கள் வெள்ளம்! இன்று, இலங்கையிலிருந்து சென்று குடியேறிய தமிழர்களின் பிள்ளைகளும் தம் பள்ளிக்கொடியின் பின்னே நடக்கின்றனர்.

பயிற்சி

1. மே 17ஐ விடுதலை நாள் என்று ஏன் கூற இயலாது?
2. ‘உடையைக் கண்டே ஊரை அறியலாம்’ – விளக்குக.
3. நீங்கள் வாழும் நகரில் குடியரசு நாள் கொண்டாடப்படும் முறையைப் பெற்றோரிடம் அவர்கள் ஊர் வழக்கத்தைக் கேட்டறிந்து, ஒப்பிட்டு எழுதுக.