குறைந்த தூரமும் விரைந்த ஓட்டமும்

மாரத்தான் ஓட்டம் 26 மைல் 385 கஜ தூரமுடையது. 1908-ம் ஆண்டு லண்டன் மாநகரில் நிகழ்ந்த ஒலிம்பிக் பந்தயத்தில் ஓடப்பெற்ற இத்தூரமே, 1921-ம் ஆண்டில் எல்லா நாட்டினர்க்கும் உரிய அளவாக வரையறுக்கப்பட்டது. இத்துணைத் தூரத்தை விரைந்து கடக்க விழைவோன் நாடோறும் மிகுதியாக ஓடிப் பழகல் வேண்டும் என்பது பலருடைய துணிபு. குறைவாக ஓடிப் பழகியும் விரைவு பெறலாம் என்பாரும் உளர். அவர் கூற்று எத்துணைப் பொருந்தும் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

யாமும் முன்னைய துணிபினராகவே இருந்தோம். சென்ற ஆண்டில் வாரத்திற்கு ஆறு நாள், ஒரே சாலையில், ஒரே வேகத்தில் ஓடினோம். தூரம் பெருகிற்று, வேகமோ பெருகவில்லை. சொல்லதிகாரம் படித்தற்குரிய பொழுதும் உடன் ஓடிற்று. மூன்றாந் திங்களிற் கணைக்காலின் முன்னெலும்பில் நோவு தோன்றவே, பந்தய நாளன்று பிறர் ஓடக் கண்டு ஓரத்தில் நின்றோம்.

அமெரிக்காவில் தென் கரோலினா மாகாணத்துக் கிரீன்வில் நகரில், 1826-ம் ஆண்டு பாப்டிஸ்து சபையாரால் நிறுவப்பெற்ற பர்மன் பல்கலைக்கழகம் உளது. அங்கு உடற்பயிற்சி ஆராய்ச்சியில் ஈடுபட்ட பில் பியர்ஸ், ஸ்காட் மர், ரே மாஸ் என்னும் மூவர், 'குறைய ஓடு, விரைய ஓடு' என்னும் பொருள்படும் பெயரால் 2007-ம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டனர். வாரத்தில் மூன்றே நாள் ஓட்டம். வேறு இரு நாள் சைக்கிள், நீச்சல், துடுப்பு வலித்தல் போன்ற பயிற்சி. இதுவே அவர்தம் முறை.

மூன்று ஓட்டங்களும் மூன்று நோக்கமுடையன. முதலாவது மைதானச் சுற்றில் நிகழ்வது. 400 மீட்டர் முதல் 1,600 மீட்டர் வரையுள்ள சிறு தூரத்தை மிக விரைந்து ஓடி, சிறிது பொழுது இளைப்பாறி, மீண்டும் ஓடுதல். இதனால் உடல் ஒரு நிமிடத்திற் பயன்படுத்தவல்ல பிராணவாயுவின் அளவு உயரும். இரண்டாவது 'டெம்போ' எனப்படும். சில மைல் தூரத்தை, உரையாட இயலாதாயினும் இடைநில்லாது ஓடத்தக்க வேகத்திற் கடத்தலே அது. வேகம் ஓரெல்லையைக் கடக்குங்கால் லாக்டேட் என்னும் பொருள், நீங்குவதினும் விரைந்து குருதியில் திரளும். அவ்வெல்லையை உயர்த்துவதே இவ்வோட்டத்தின் பயன். மூன்றாவது, 20 மைல் வரை நீளும் நெட்டோட்டம். இதற்கும், பந்தய வேகத்தினும் சிறிதே தாழ்ந்த வேகம் குறிக்கப்பட்டுளது.

மாரத்தானை நான்கு மணியில் முடிக்க விழைவோன் ஒவ்வொரு மைலையும் 9 நிமிடம் 9 விநாடியிற் கடத்தல் வேண்டும். நாடோறும் மைலுக்குப் பதினொரு நிமிடமாகவே ஓடிப் பழகிய கால், பந்தய நாளில் வேறொரு நடையை எங்ஙனம் அறியும்? எம் பிழை இதுவே. ஏனைய இரு நாட் பயிற்சியும் வீணன்று. சைக்கிள் மிதிக்குங்கால் இருதயமும் நுரையீரலும் உழைக்கும். எலும்போ தரை மோதும் அதிர்ச்சிக்குத் தப்பும்.

ஆயினும் ஒரு தடை எழலாம். 2019-ம் ஆண்டு வியன்னாவில், பந்தயமாகக் கணக்கிடப்படாத தனி முயற்சியில், இத்தூரத்தை 1 மணி 59 நிமிடம் 40 விநாடியிற் கடந்த கென்யா நாட்டு எலியுத் கிப்சோகே, வாரந்தோறும் 100 மைலுக்கு மேல் ஓடிப் பயின்றவர். அதிற் பெரும்பகுதி மெல்லோட்டமே. உண்மை. ஓட்டமே அவர்க்குத் தொழில். தேர்வும் விரிவுரையும் உடைய மாணவர்க்கு அத்துணைப் பொழுது ஏது? பர்மன் முறை உலகை வெல்வார்க்கு உரியதென்று யாம் வாதாடவில்லை.

மேலும் இம்முறையிற் குறைவது தூரமேயன்றி உழைப்பன்று. மூன்று ஓட்டங்களும் கடியன. ஓடிப் பழகாத ஒருவன் முதல் வாரத்திலேயே மைதானச் சுற்றில் இறங்குவானாயின், எமக்கு வந்த நோவு அவனுக்கும் வருதல் கூடும். சில திங்கள் மெல்லோட்டமாகப் பழகி, எலும்பும் தசைநாரும் உரம்பெற்ற பின்னரே விரைவை நாடல் வேண்டும்.

எம் கணைக்கால் நோவு இப்பொழுது பெரிதும் தணிந்துளது. விடுதி நண்பர் ஒருவரிடம் இரவல் பெற்ற சைக்கிளில் வாரம் இருமுறை செல்கின்றோம். மெல்லோட்டம் அடுத்த திங்களில் தொடங்கும்.