இரவில் வரும் இழைப்பு

நள்ளிரவு கடந்து இரண்டு, மூன்று மணி இருக்கும். வீடே உறங்குகிறது. ஒருவர் மட்டும் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து இருமுகிறார். சளி வருவதில்லை, வறட்டு இருமல். மார்பில் சீழ்க்கை அடிப்பது போன்ற ஓசை. மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதுதான் பெரும்பாடாக இருக்கிறது. விடிந்ததும் ஓரளவு தணிந்துவிடுகிறது. "இது ஆஸ்துமாதான்" என்று வீட்டில் முடிவு கட்டிவிடுகிறார்கள்.

பெரும்பாலும் அந்த முடிவு சரியாகவே இருக்கும். ஆனால், புதுச்சேரியைப் போல யானைக்கால் நோய் நெடுங்காலம் நிலவிய ஊர்களில் மருத்துவர்கள் மற்றொரு நோயையும் நினைவில் வைத்திருப்பார்கள். அதன் பெயர் 'வெப்பமண்டல இயோசினோபில் நோய்'. வெளித்தோற்றத்தில் அது ஆஸ்துமா போலவே இருக்கும். எக்ஸ்ரே படத்தில் காசநோய் போலவும் தோன்றும். உண்மையில் அது இரண்டும் அன்று. கொசு கொண்டுவந்து சேர்க்கும் ஒரு புழுவுக்கு எதிராக நம் உடலில் எழும் ஒவ்வாமை. இந்த உண்மையைக் கண்டுபிடித்ததில் தென்னிந்திய மருத்துவமனைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த வரலாற்றைக் காண்போம்.

ஒவ்வாமை என்பது என்ன?

நம் உடலுக்குள் அயல் பொருள் எது நுழைந்தாலும் அதை அடையாளம் கண்டு எதிர்ப்பதற்கு ஓர் ஏற்பாடு உண்டு. சில வேளைகளில் இந்த ஏற்பாடு தீங்கற்ற பொருளைக்கூடப் பகையாகக் கருதிப் போராடத் தொடங்கிவிடுகிறது. வீட்டுத் தூசியில் வாழும் நுண்ணிய சிற்றுண்ணி, பூந்தாது, பூஞ்சைக் காளானின் சிதல் போன்றவை சிலருக்கு இப்படிப் பகையாகிவிடுகின்றன. உடலின் இந்த மாறுபட்ட எதிர்வினைக்கு 1906-இல் வியன்னா நகரக் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் வான் பிர்கே 'அலர்ஜி' என்று பெயரிட்டார். தமிழில் ஒவ்வாமை என்கிறோம்.

ஒவ்வாமை உள்ளவரின் இரத்தத்தில் 'இம்யூனோகுளோபுலின் ஈ' என்னும் எதிர்ப்பொருள் மிகுதியாக இருக்கும். இதை 1960-களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் பணியாற்றிய ஜப்பானியரான இஷிசாகா தம்பதியரும், சுவீடனில் யோஹான்சன், பென்னிச் ஆகியோரும் தனித்தனியே கண்டறிந்தார்கள். இந்த எதிர்ப்பொருள் சில செல்களின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். ஒவ்வாத பொருள் வந்து தொட்டதும் அந்தச் செல்கள் ஹிஸ்டமின் முதலான வேதிப்பொருள்களைக் கொட்டும். மூச்சுக் குழல்களைச் சுற்றியுள்ள தசைகள் சுருங்கும், உட்சுவர் வீங்கும், வழி குறுகும். குறுகிய வழியே காற்று வெளியேறும்போது எழும் ஓசையே நாம் கேட்கும் இழைப்பு.

ஆரோக்கியமான மனிதனுக்குத் தொல்லை தரத்தானா இயற்கை இப்படி ஓர் எதிர்ப்பொருளைப் படைத்தது? இல்லை. உடலுக்குள் குடியேறும் புழுக்களை எதிர்ப்பதற்கே இது தோன்றியிருக்க வேண்டும் என்று அறிவியலாளர் பலர் கருதுகின்றனர். நம் கதைக்கு இது முக்கியமான செய்தி.

செஞ்சாயம் ஏற்கும் அணு

புழுக்களை எதிர்க்கும் படையில் மற்றொரு வீரனும் உண்டு. 1879-இல் ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக், இரத்த வெள்ளணுக்களுக்குச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தார். ஒரு வகை அணுவில் இருந்த சிறு மணிகள் 'இயோசின்' என்னும் செஞ்சாயத்தை ஆவலுடன் ஏற்றுக்கொண்டன. எனவே அந்த அணுவுக்கு இயோசினோபில் என்று பெயர் வந்தது. அந்த மணிகளில் நச்சுத்தன்மை கொண்ட புரதங்கள் இருக்கின்றன. பெரிய புழுவை விழுங்க முடியாத இந்த அணுக்கள், அதன் மேல் ஒட்டிக்கொண்டு நச்சைக் கொட்டும். அருகில் உள்ள நம் சொந்தத் திசுவுக்கும் அந்த நச்சால் கேடு விளையும்.

நலமாக உள்ளவரின் இரத்தத்தில் ஒரு கன மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 500 வரை இயோசினோபில்கள் இருக்கலாம். ஆஸ்துமாவிலும் குடற்புழு நோயிலும் இந்த எண்ணிக்கை ஓரளவு உயரும். நாம் பேசும் நோயிலோ 3,000-ஐத் தாண்டிவிடும்.

மதனப்பள்ளி முதல் வேலூர் வரை

இன்றைய ஆந்திரத்தில், மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரம் என்ற இடத்தில் ஒரு காசநோய் மருத்துவமனை இருந்தது. அங்கே பணியாற்றிய டென்மார்க்கு நாட்டு மருத்துவர் பிரிமட் மோலரும் அவருடைய துணைவர் பார்ட்டனும் ஒரு புதிரைக் கண்டார்கள். சில நோயாளிகளின் எக்ஸ்ரே படத்தில் நுரையீரல் முழுவதும் பொடிப்பொடியான புள்ளிகள். பார்த்தால் காசநோய். ஆனால் காசநோய்க் கிருமி இல்லை. மாறாக, இரத்தத்தில் இயோசினோபில்கள் ஏராளம். 'காசநோய் போன்ற ஒரு நிலை' என்று அவர்கள் 1940-இல் இதை எழுதி வெளியிட்டார்கள். 1943-இல் வெயின்கார்ட்டன் என்ற மருத்துவர் இதே நோயை விரிவாக ஆராய்ந்து 'வெப்பமண்டல இயோசினோபில் நோய்' என்று பெயரிட்டார். ஆர்சனிக் கலந்த மருந்தால் நோய் தணிவதையும் அவர் கண்டார். ஆனால் காரணம் மட்டும் தெரியவில்லை.

காரணத்தை நெருங்க உதவியது வேறொரு மருந்து. 1947-இல் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுக்கூடம் 'டை எத்தில் கார்பமசைன்' என்ற மருந்தை வெளியிட்டது. அதை உருவாக்கிய குழுவை வழிநடத்தியவர் எல்லாப்பிரகத சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். யானைக்கால் நோய்ப் புழுவின் குஞ்சுகளைக் கொல்லும் மருந்து அது. 1950-களில் அதையே இந்த இழைப்பு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது சில நாள்களிலேயே இருமல் அடங்கியது! அப்படியானால் நோய்க்கும் அந்தப் புழுவுக்கும் தொடர்பு இருக்க வேண்டுமல்லவா?

ஆனால் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. இந்த நோயாளிகளின் இரத்தத்தில் புழுக்குஞ்சுகள் காணப்படவே இல்லை. 1960-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த வெப், ஜாப், கால்ட் ஆகிய மூவரும் முட்டுக்கட்டையை நீக்கினார்கள். நோயாளிகளின் நுரையீரல், கல்லீரல், நிணநீர்க் கணு ஆகியவற்றின் திசுக்களை ஆராய்ந்து, அங்கே புழுக்குஞ்சுகள் சிக்கிக் கிடப்பதைக் காட்டினார்கள். சிங்கப்பூரில் தனராஜ், சண்முகரத்தினம் முதலியோர் 1966-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே உறுதி செய்தது.

யானைக்கால் நோய்ப் புழுவின் தாய் நிணநீர்க் குழாய்களில் வாழ்கிறது. அது ஈனும் குஞ்சுகள் இரவில் இரத்தத்தில் உலவும். பகலில் நுரையீரலின் நுண்ணிய இரத்தக் குழாய்களில் ஒதுங்கும். நம் நோயாளியின் உடலிலோ எதிர்ப்பொருள்கள் அவற்றை நுரையீரலிலேயே மடக்கிவிடுகின்றன. இயோசினோபில்கள் திரண்டு வந்து தாக்குகின்றன. அதனால்தான் இரத்தத்தில் குஞ்சுகள் இல்லை. போர்க்களம் நுரையீரல்தான்!

1980-களில் சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தில் டாக்டர் வி.கே. விஜயனும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து இந்தப் போர்க்களத்தை நேரில் ஆராய்ந்தார்கள். நோயாளியின் நுரையீரலின் ஒரு பகுதியை உப்புநீரால் கழுவி, அந்த நீரில் இருந்த செல்களை எண்ணினார்கள். நலமானவரிடம் நூற்றில் ஒன்றுகூடத் தேறாத இயோசினோபில்கள், இவர்களிடம் ஏறத்தாழப் பாதி அளவு இருந்தன. மருந்து கொடுத்தபின் இந்த அளவு விரைவாகக் குறைந்தது. ஆனால் சிலரிடம் நோய்க்குறிகள் மறைந்த பின்னும் அழற்சி மெல்லப் புகைந்துகொண்டே இருந்ததையும் அவர்கள் கண்டார்கள். நோயைக் கவனியாமல் விட்டால் நுரையீரலில் தழும்பு விழுந்து, அதன் விரியும் ஆற்றல் நிலையாகவே குறைந்துவிடும். ஆஸ்துமா என்று எண்ணி ஆண்டுக்கணக்கில் காலம் கடத்துவதில் உள்ள ஆபத்து இதுதான்.

எல்லாருக்கும் ஏன் வருவதில்லை?

யானைக்கால் நோய்ப் புழு உள்ளவர்களில் மிகச் சிலருக்கே இந்த இழைப்பு வருகிறது. பலருடைய இரத்தத்தில் குஞ்சுகள் உலவியபோதும் அவர்களுக்கு ஒரு தொல்லையும் தெரிவதில்லை. புழுக்கள் தந்திரமானவை; தாங்கள் நெடுங்காலம் வாழ்வதற்காக உடலின் எதிர்ப்பை மட்டுப்படுத்திவிடுகின்றன. இவ்வாறு மட்டுப்படாமல் எதிர்ப்பு கட்டுமீறும் சிலருக்கே நோய் தோன்றுகிறது. பதினைந்து முதல் நாற்பது வயதுக்கு உட்பட்ட ஆண்களிடம் இது மிகுதி.

1990-களில் மற்றொரு வியப்பான செய்தி வெளிவந்தது. ஒவ்வாமையைத் தூண்டும் புழுப் புரதம் ஒன்று, மனித நுரையீரலில் உள்ள 'காமா குளூட்டமைல் டிரான்ஸ்பெப்டிடேஸ்' என்ற நொதியின் சாயலில் இருக்கிறது. எனவே புழுவுக்காக உண்டான எதிர்ப்பொருள் ஆள் மாறாட்டத்தால் நம் நுரையீரலையும் தாக்கக்கூடும்.

இயோசினோபில் பற்றிய அறிவு ஆஸ்துமா நோயாளிகளுக்கும் பயன் தந்துள்ளது. இந்த அணுக்கள் பெருகுவதற்கு 'இன்டர்லூக்கின் 5' என்னும் புரதம் தேவை. அதைத் தடுக்கும் மெப்போலிசுமாப் என்ற மருந்து, இயோசினோபில் மிகுந்த கடும் ஆஸ்துமாவுக்காக 2015-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

புதுச்சேரியின் கொசுக்கள்

நோயின் வேர் கொசு. யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசுவுக்குத் தேங்கிய அழுக்கு நீர் என்றால் கொண்டாட்டம். பிரெஞ்சுக்காரர் பகுதிக்கும் தமிழர் பகுதிக்கும் நடுவே ஓடும் பெரிய வாய்க்காலைப் புதுச்சேரி மாணவர்கள் நன்கு அறிவார்கள். சமதளமான கடற்கரை நகரத்தில் இத்தகைய வாய்க்கால்களில் குப்பை அடைத்தால் நீர் நின்றுவிடும், கொசு பெருகும்.

1975-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் புதுச்சேரியில் 'நோய்க்கடத்திகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம்' ஒன்றை அமைத்தது. அதன் இயக்குநராக இருந்த பி.கே. ராஜகோபாலன் தலைமையில் 1981 முதல் 1985 வரை நகரில் ஒரு பெரும் முயற்சி நடந்தது. பூச்சிக்கொல்லியை மட்டும் நம்பாமல், கொசு பிறக்கும் இடங்களையே ஒழிப்பது அதன் நோக்கம். பள்ளங்கள் மூடப்பட்டன, வடிகால்கள் தூர்வாரப்பட்டன, புழு தின்னும் மீன்கள் நீர்நிலைகளில் விடப்பட்டன. அதே காலத்தில் காரைக்காலில் டை எத்தில் கார்பமசைன் கலந்த சமையல் உப்பை மக்களுக்கு வழங்கி நோயைக் குறைக்கும் முயற்சியும் நடந்தது.

2004 முதல் நாட்டில் நோய் உள்ள மாவட்டங்களில் ஆண்டுக்கு ஒரு முறை எல்லாருக்கும் மாத்திரை கொடுக்கும் திட்டம் தொடங்கியது. 2027-க்குள் யானைக்கால் நோயை அகற்றுவது இந்தியாவின் இலக்கு. அந்த நோய் அகன்றால் அதன் நிழலாக வரும் இந்த இழைப்பும் அகலும்.

செய்து பாருங்கள்

நீண்ட கைப்பிடி உள்ள அகப்பையால் தெரு வடிகாலிலிருந்து சிறிது நீரை எடுத்து ஒரு கண்ணாடிக் குவளையில் ஊற்றுங்கள். கொசுப் புழுக்கள் தெரிகின்றனவா? நீர்ப்பரப்பிலிருந்து சாய்வாகத் தலைகீழாகத் தொங்கி, வாலருகே உள்ள நீண்ட குழலால் மூச்சு விடுவது கியூலெக்ஸ். பரப்புக்கு இணையாகப் படுத்திருப்பது மலேரியா பரப்பும் அனாபிலிஸ். பார்த்து முடித்ததும் நீரை வெயிலில் காய்ந்த மண்ணில் கொட்டிவிட்டு, சோப்பால் கைகழுவுங்கள். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். எனவே வீட்டைச் சுற்றித் தேங்கும் நீரை வாரத்துக்கு ஒரு முறையாவது வடித்துவிட வேண்டும்.

உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ யாருக்காவது இரவு இருமல் வாரக்கணக்கில் நீடித்தால், தாமே மருந்து வாங்கி உண்ண விடாதீர்கள். மருத்துவரிடம் அனுப்புங்கள். எளிய இரத்தப் பரிசோதனை ஒன்று வழிகாட்டும். ஐயம் எழுந்தால், புழுவுக்கு எதிரான எதிர்ப்பொருள் உண்டா என்று சோதித்து மருத்துவர் உறுதி செய்வார். வெப்பமண்டல இயோசினோபில் நோய் என்று தெரிந்தால், வழக்கமாக மூன்று வாரம் மாத்திரை உண்டால் போதும். ஆஸ்துமா என்று தெரிந்தால் அதற்கும் இன்று நல்ல மருந்துகள் இருக்கின்றன. எதுவென்று தெரியாமல் நாள் கடத்துவதுதான் கூடாது.