உரிமையின் வாயில்



"அடிப்படை உரிமைகள் எத்தனை?" என்று குடிமையியல் ஆசிரியை கேட்டால், "ஆறு" என்று ஒரே குரலில் சொல்லிவிடுவோம். சமத்துவ உரிமை, சுதந்திர உரிமை, சுரண்டலை எதிர்க்கும் உரிமை, சமய உரிமை, பண்பாடு மற்றும் கல்வி உரிமை என ஐந்தை அடுக்கிவிட்டு, ஆறாவதில் சற்றே தடுமாறுவோம். அதுதான் பரிகாரம் பெறும் உரிமை. அரசியலமைப்பின் 32ஆம் விதி. அதனையே அரசியலமைப்பின் இதயமும் ஆன்மாவும் என்று போற்றினார் அண்ணல் அம்பேத்கர். காரணம் என்ன?

நம் மாவட்டத்து ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் சென்னை மாகாண முதலமைச்சராக இருந்தபோது, 1947இல் ஆலய நுழைவுச் சட்டம் நிறைவேறியது. அரும்பணிதான்! ஆயினும் ஓர் அரசு இயற்றும் சட்டத்தை அடுத்த அரசு நீக்கிவிட முடியும். 1950 சனவரி 26 முதல் நிலைமை மாறியது. தீண்டாமை ஒழிக்கப்பட்டது என்றது 17ஆம் விதி. அடிப்படை உரிமைக்கு மாறான எச்சட்டமும் செல்லாது என வேலியிட்டது 13ஆம் விதி. இவற்றை வகுத்த அரசியல் நிர்ணய சபையில், சென்னை மாகாணத்திலிருந்து சென்ற அருட்தந்தை ஜெரோம் டிசூசா, அம்மு சுவாமிநாதன், துர்காபாய் முதலியோரும் இடம்பெற்றிருந்தனர்.

சரி, வேலியை ஒருவர் தாண்டினால் எங்கே முறையிடுவது? நேரே உச்ச நீதிமன்றத்தின் வாயிலையே தட்டலாம் என்கிறது 32ஆம் விதி.

முதலில் தட்டியவர்களுள் ஒருவர் பொதுவுடைமைத் தலைவர் ஏ.கே. கோபாலன். சென்னை மாகாணத்தில் தடுப்புக் காவலில் இருந்த அவர், விசாரணையின்றி அடைத்து வைப்பது தகுமா என்று 1950இல் மனுச் செய்தார். காவலுக்கான காரணத்தை நீதிமன்றத்திலும் வெளியிடக் கூடாது என்ற பிரிவு செல்லாது என்று தீர்ப்பாயிற்று. ஆனால் அவருக்கு விடுதலை கிடைக்கவில்லை. சட்டம் ஒரு நடைமுறையை வகுத்திருந்தால் போதும் என்றனர் பெரும்பான்மை நீதிபதிகள். நீதிபதி பசல் அலி உடன்படவில்லை. 28 ஆண்டுகள் கழித்து, 1978இல் மேனகா காந்தி வழக்கில், அந்த நடைமுறை நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்று அதே நீதிமன்றம் கூறியது.

இடையில் அவ்வாயில் அடைபட்டதும் உண்டு. 1975இல் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. சிறைப்பட்டோர் விடுதலை கேட்டு மனுச் செய்யவும் இயலாது என்று 1976இல் ஐவருள் நால்வர் தீர்ப்பளித்தனர். நீதிபதி எச்.ஆர். கன்னா ஒருவரே மறுத்தார். பின்னர் 1978ஆம் ஆண்டின் 44ஆவது திருத்தம், நெருக்கடி நிலையிலும் உயிருரிமையைக் காக்கும் 21ஆம் விதியை முடக்க முடியாதபடி செய்தது. 2017இல் உச்ச நீதிமன்றமே அப்பழைய தீர்ப்பைத் தவறென்று ஒதுக்கியது.

தங்கையரே, வாயிலைத் தட்டப் பெரும் பணமோ பதவியோ வேண்டுமென எண்ண வேண்டாம். டில்லி திகார் சிறையில் சக கைதி துன்புறுத்தப்பட்டதைக் கண்டு, சுனில் பத்ரா என்னும் கைதி நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். அக்கடிதத்தையே மனுவாக ஏற்று 1979இல் தீர்ப்பு வழங்கியது உச்ச நீதிமன்றம். அவர் எழுதியது தமக்காக அன்று, பிறருக்காக!

நாம் இங்கே எழுதப் படிக்கக் கற்பதும் அதற்காகவே அன்றோ? ஆறாவது உரிமையை இனி மறவாதிருப்போம். அயலாருக்குத் தீங்கு நேரும்போது எழுதத் தயங்காதிருப்போம்.