பல் எலும்புக்குக் கடன் கேட்கும் முன்

சில மாதங்களுக்கு முன் நாங்கள் கலந்துகொண்ட ஒரு குழுக் கூட்டத்தில் உள்கடன் கேட்டு நான்கு பேர் எழுந்தார்கள். மூன்று பேர் கேட்டது வழக்கமானது: ஆடு வாங்க, பள்ளிக் கட்டணம் கட்ட, வீட்டு ஓடு மாற்ற. நான்காவதாக எழுந்த அக்கா, "பல்லுக்கு எலும்பு வைக்கணுமாம், நாப்பதாயிரம் வேணும்" என்றார். கூட்டத்தில் ஒரே சிரிப்பு. "பல்லே எலும்புதானே, அதுக்கு எதுக்கு எலும்பு?" என்று ஒருவர் கேட்டார். ஊக்குநர் தீர்மான நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார். எங்களுக்கும் அன்றைக்குப் பதில் தெரியவில்லை. சமூகப்பணிப் படிப்பில் பல்லைப் பற்றி யாரும் சொல்லித் தரவில்லை! பிறகு அந்த அக்காவுடன் பல் டாக்டர்களைப் பார்க்கப் போனோம். அங்கே கேட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம். ஊக்குநர்கள் இதைக் கூட்டத்தில் வாசித்துக் காட்டவும்.

முதல் விஷயம், பல் வேறு, எலும்பு வேறு. தாடை எலும்பில் ஒரு குழி இருக்கிறது. அந்தக் குழிக்குள் பல்லின் வேர் உட்கார்ந்திருக்கிறது. வேரையும் எலும்பையும் மெல்லிய நார்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. மேலே ஈறு மூடியிருக்கிறது. தோட்டத்தில் வேலிக்கல் நட்டால் கல்லை நிறுத்துவது சுற்றியுள்ள மண்தானே? பல்லுக்கு அந்த மண், தாடை எலும்பு.

பல் இடுக்கில் அழுக்கு தங்கி, நாளாவட்டத்தில் காரையாகிக் கெட்டிப்படுகிறது. ஈறு வீங்குகிறது, துலக்கும்போது ரத்தம் வருகிறது. இந்தக் கட்டத்தில் சுத்தம் செய்தால் ஈறு பழையபடி ஆகிவிடும். விட்டுவிட்டால் ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் பை மாதிரி பள்ளம் விழுந்து, அதற்குள் கிருமி சேர்ந்து, எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. கொடுமை என்னவென்றால், பெரும்பாலும் வலி தெரியாது. சொத்தைப் பல் வலித்து ராத்திரி தூங்கவிடாது, நாம் ஓடுவோம். எலும்பு கரைவது சத்தமில்லாமல் நடக்கும். பல் ஆட ஆரம்பித்த பிறகுதான் தெரியும். அப்படிக் கரைந்த எலும்பு தானாகத் திரும்ப வளராது.

நம் பெண்கள் இரண்டு பேச்சை நம்பி ஏமாறுகிறார்கள். ஒன்று, "பிள்ளைக்கு ஒரு பல் போகும்" என்பது. வயிற்றுக் குழந்தை தாயின் பல்லிலிருந்து சுண்ணாம்புச் சத்தை எடுப்பதில்லை. கர்ப்ப காலத்தில் ஈறு சீக்கிரம் வீங்கும், அதைக் கவனிக்காமல் விடுவதால்தான் கெடுகிறது. இன்னொன்று, "சுத்தம் பண்ணினா பல் ஆடும்" என்பது. எலும்பு கரைந்த இடத்தில் காரை சிமெண்ட் மாதிரி பிடித்துக்கொண்டிருக்கும். அதை எடுத்ததும் ஏற்கெனவே இருந்த ஆட்டம் வெளியே தெரிகிறது. பழி சுத்தம் செய்தவர் மேல்!

சரி, எலும்பு வைப்பது எப்படி? டாக்டர்கள் இதை போன் கிராஃப்ட் என்கிறார்கள். ஈறைத் திறந்து, வேரைச் சுத்தம் செய்து, பள்ளத்தில் ரவை போன்ற தூளை நிரப்புகிறார்கள். அந்தத் தூளே நம் எலும்பாக மாறிவிடுகிறது என்று நினைக்க வேண்டாம். புடலங்கொடிக்குப் பந்தல் போடுவது மாதிரிதான் அது. பந்தல் காய்க்காது, கொடி படர இடம் கொடுக்கும். நம் உடம்பின் செல்கள் அதைப் பிடித்துக்கொண்டு புது எலும்பை வளர்க்கின்றன.

தூள் பல வகை. நம் தாடையிலிருந்தே கொஞ்சம் எலும்பு எடுக்கலாம். இறந்தவர்கள் தானம் தந்த எலும்பைப் பதப்படுத்தியும் செய்கிறார்கள். மாட்டு எலும்பிலிருந்து செய்தது உண்டு, சிலவற்றைப் பன்றியிலிருந்தும் செய்கிறார்கள். கால்சியம் பாஸ்பேட்டிலிருந்து செயற்கையாகச் செய்ததும் இருக்கிறது. சாப்பாட்டிலோ மதத்திலோ கட்டுப்பாடு உள்ளவர்கள், "எதிலிருந்து எடுத்தது?" என்று முதலிலேயே கேட்கலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை, அது நம் வாய். செயற்கைத் தூள் வேண்டும் என்று சொல்லவும் நமக்கு உரிமை உண்டு.

இத்தோடு முடியவில்லை. ஈறுத் தோல் வேகமாக வளரும், எலும்பு மெதுவாக வளரும். சும்மா விட்டால் தோல் முந்திக்கொண்டு பள்ளத்துக்குள் இறங்கி இடத்தைப் பிடித்துவிடும். அதனால் நடுவில் மெல்லிய சவ்வு ஒன்றை வைக்கிறார்கள். கன்று வளரும்வரை ஆடு வாய் வைக்காமல் வேலி கட்டுகிறோமே, அதே வேலைதான். 1982-ல் ஸ்வீடன் நாட்டில் நைமன் என்ற டாக்டரும் அவருடைய குழுவினரும் ஆய்வுக்கூடத்து வடிதாளை இப்படி ஒரு மனிதப் பல்லுக்கு வேலியாக வைத்து, நார்கள் வேரில் மறுபடி பிடிப்பதைக் காட்டினார்கள். இன்று தானாகக் கரையும் சவ்வுகள் வந்துவிட்டன. அதிலும் பல மாடு, பன்றியின் புரதத்திலிருந்து செய்தவை. மேலே சொன்ன கேள்வியை இதற்கும் கேட்கவும்.

நாங்கள் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான். எல்லாப் பள்ளத்திலும் இது நிற்காது. எலும்பு கிண்ணம் மாதிரிக் குழிந்திருந்தால், சுற்றுச்சுவர் இருப்பதால் தூள் தங்கும், நல்ல பலன் கிடைக்கும். ஏரிக்கரை மழையில் கரைந்து ஒரே மட்டமாக இறங்குவது போல எலும்பு சமமாக இறங்கியிருந்தால், தூளைக் கொட்டி மேலே உயர்த்துவது கடினம். எக்ஸ்ரேயும், மில்லிமீட்டர் கோடு போட்ட சின்னக் கம்பியால் ஈறுப் பையை அளப்பதும் இதற்குத்தான். 3 மில்லிமீட்டர் வரை நல்ல ஈறு. அதற்கு மேல் போகப் போகக் கவலை.

அந்த அக்காவுக்கு மூன்று பல்லுக்கு எலும்பு வைக்க, அடுத்த வாரமே வரச் சொல்லித் தனியார் கிளினிக்கில் தேதி கொடுத்திருந்தார்கள். அரசு பல் மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். அங்கே டாக்டர் அம்மா முதலில் கேட்டது, "சர்க்கரை எவ்வளவு இருக்கு?" என்று. அக்காவுக்குத் தெரியவில்லை. மூன்று மாத சராசரி பார்த்தால் 10-க்குப் பக்கத்தில்! இந்த அளவில் புண்ணே ஆறாது, எலும்பு எப்படி வளரும் என்றார். வெற்றிலையோடு புகையிலை போடுகிற பழக்கமும் இருந்தது. முதலில் ஆழமாகச் சுத்தம், சர்க்கரை மாத்திரை ஒழுங்கு, புகையிலை நிறுத்தம், இரண்டு மாதம் கழித்து மறுபடி அளவு. இதுதான் அவர் எழுதிக் கொடுத்தது.

இரண்டு மாதத்தில் ஒரு பல்லின் பை சுருங்கிவிட்டது, அதற்கு எதுவும் தேவைப்படவில்லை. இன்னொன்று காப்பாற்ற முடியாத அளவு ஆடியதால் எடுத்துவிட்டார்கள். மூன்றாவது பல்லில்தான் கிண்ணப் பள்ளம் இருக்கிறது. சர்க்கரை இறங்கியதும் அதற்கு மட்டும் செய்யலாம் என்றார்கள். குழு 40,000 ரூபாய் தீர்மானத்தை ரத்து செய்து, பஸ் செலவுக்கும் மருந்துக்கும் 3,000 கொடுத்தது. கிளினிக்கில் சொன்ன சிகிச்சை பொய் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. சுத்தம் செய்யாமல், சர்க்கரை பார்க்காமல் தேதி குறித்தது எங்களுக்குச் சரியாகப் படவில்லை.

இம்ப்ளாண்ட் என்ற திருகுப் பல் வைக்க எலும்பு போதவில்லை என்றாலும் இதே கிராஃப்ட் செய்கிறார்கள். பல் எடுத்த இடத்தில் எலும்பு முதல் ஆறு மாதம், ஒரு வருஷத்தில் வேகமாக ஒடுங்கும் என்பது உண்மை. ஆனால் திருகுப் பல்தான் வேண்டும் என்று கட்டாயமில்லை. கழற்றி மாட்டும் பல் செட்டும், பக்கத்துப் பற்களைப் பிடித்துக் கட்டும் பிரிட்ஜும் இருக்கின்றன. கிராஃப்ட் செய்த பிறகு திருகு போடப் பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அதுவரை வேலைக்குப் போவது, தவணை கட்டுவது எல்லாம் கணக்கில் வரட்டும். முழுப் பள்ளமும் நிரம்பும் என்று யாரும் உறுதி தர முடியாது.

இன்னொன்றையும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரையோ வருஷம் ஒரு ஊசியோ எடுப்பவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் கட்டாயம் சொல்லவும். தேய்மான மருந்து எடுப்பவர்களில் சிலருக்கு வாயில் அறுவை செய்தால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம். அதற்காக அந்த மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது.

செய்துகொண்டவர்கள் முதல் நாள் சூடாக எதுவும் சாப்பிட வேண்டாம், வேகமாகக் கொப்பளித்துத் துப்ப வேண்டாம். ஆறிய கஞ்சி, தயிர் சாதம் போதும். தையல் இருக்கும் பக்கம் டாக்டர் சொல்லும்வரை பிரஷ் படக்கூடாது. வீக்கம் இரண்டு மூன்று நாள் ஏறி இறங்கும். ஓரிரு தூள் மணி வாயில் வந்தால் பயப்படாதீர்கள். மூன்று நாளுக்குப் பிறகும் வீக்கம் ஏறினாலோ, சீழ், காய்ச்சல் வந்தாலோ உடனே போகவும்.

சென்னையிலும் சிதம்பரத்திலும் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. புதுக்கோட்டையில் 2023-ல் ஒன்று தொடங்கப்பட்டது. மற்ற ஊர்க்காரர்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனையின் பல் பிரிவில் முதலில் காட்டலாம்.

அடுத்த கூட்டத்தில், துலக்கும்போது ரத்தம் வருகிறவர்களைக் கை தூக்கச் சொல்லி எண்ணிக்கையைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். மாத அறிக்கையோடு கூட்டமைப்புக்கு அனுப்புங்கள். பல் முகாம் கேட்டு விண்ணப்பம் போட அந்தக் கணக்கு எங்களுக்குத் தேவை.